காத்திருக்கத் தெரிந்த கிளாஸ்

மதுரை கே.கே. நகரில் சாயங்காலம் எந்தப் பரோட்டா கடை வாசலில் நின்றாலும் பார்க்கலாம்: கல் ஒன்று, மாஸ்டர் ஒருவர். கல்லில் போட்டது வேகும்வரை அவர் சும்மா நிற்பதில்லை; அடுத்த உருண்டையை வீசிக்கொண்டிருப்பார். வெந்ததும் திரும்பி வந்து அடிப்பார். பிரெண்டன் ஐக் 1995-ல் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதிய ஜாவாஸ்கிரிப்ட்டும் இப்படித்தான். ஒரே இழையில் ஓடும் மொழி அது. சர்வர் பதில் தரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றால் இணையப் பக்கம் உறைந்துவிடும்.

இதற்காக 2015-ல் பிராமிஸ், அதாவது பின்னால் வரப்போகும் பதிலுக்கான சீட்டு, வந்தது; 2017-ல் ஏசிங்க், அவெய்ட் வந்தன. 'அவெய்ட்' என்று போட்டால் அந்த ஃபங்ஷன் மட்டும் நிற்கும், மற்ற வேலை ஓடும். ஆனால் ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் பகுதியான கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்குள் அதற்கு இடமில்லை. 'நியூ' என்றதும் ஆப்ஜெக்ட் கைக்கு வந்தாக வேண்டும் என்பது விதி. டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கும் முன்பே ஆப்ஜெக்ட் வந்துவிடுகிறது. அதை நம்பிக் கேள்வி அனுப்பினால் பிழைதான் மிச்சம். கன்ஸ்ட்ரக்டரிலிருந்தே ஒரு பிராமிஸைத் திருப்பி அனுப்பிச் சமாளிப்பவர்களும் உண்டு. செல்லும், ஆனால் அந்தக் கிளாஸிலிருந்து இன்னொன்றைக் கிளைக்கவிடும்போது தலைவலி.

இன்னொரு பக்கம், 2018-ல் வந்த ஏசிங்க் இட்டரேட்டர். பல லட்சம் வரிகள் கொண்ட வாக்காளர் பட்டியலை மொத்தமாக நினைவகத்தில் ஏற்றாமல், 'ஃபார் அவெய்ட்' கொண்டு ஒவ்வொரு வரியாக வாங்கலாம். முந்நூறாவது வரியில் தேடிய பெயர் கிடைத்தால் 'பிரேக்', அவ்வளவுதான். மீதியைப் படிக்க வேண்டியதில்லை. எனக்கு இந்த மொழியில் பிடித்த வசதி இதுவே. குறை ஒன்று உண்டு: 2025 தரத்தில் சாதாரண இட்டரேட்டருக்கு மேப், ஃபில்டர் கிடைத்துவிட்டன, ஏசிங்க் இட்டரேட்டருக்கு அந்தப் பதிப்பில் கிடைக்கவில்லை.

இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்கத்தான் குட்டி லைப்ரரிகள் வருகின்றன. குட்டி என்பதற்காக அலட்சியமும் கூடாது. 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி நிரலை எழுதியவர் விலக்கிக்கொண்டதும், அதைச் சார்ந்திருந்த பேபல் போன்ற பெரிய திட்டங்களே தடுமாறின.

இலந்தைகுளம் எல்காட் ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கும் கனவோடு கோடிங் படிக்கும் தம்பி, தங்கைகளே! கிளாஸுக்குள் 'கிரியேட்' என்று ஒரு ஸ்டாட்டிக் ஏசிங்க் ஃபங்ஷன் எழுதி, இணைப்பு கிடைத்த பிறகு ஆப்ஜெக்ட்டைத் திருப்பித் தாருங்கள். ஐந்தாறு வரிதான். அது போதாதபோது லைப்ரரியைத் தேடுங்கள். நிறுவுமுன் அதன் நிரலை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.