ஓடும்போதே ஆஃப் ஆகும் பழைய கார்... பார்ட்ஸ் மாற்றும் முன் இதையெல்லாம் கவனித்தீர்களா?

திடீரென நிற்கும், அரை மணி நேரத்தில் தானாகவே ஸ்டார்ட் ஆகும். வொர்க்‌ஷாப்பில் விட்டால் சமர்த்தாக ஓடும். இந்தக் கண்ணாமூச்சி கோளாறைப் பிடிப்பது எப்படி?

குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்பியிருப்பீர்கள். பைபாஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஆஃப் ஆகும். ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து, தெரிந்த மெக்கானிக்குக்கு போன் போட்டு, டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும்.

மறுநாள் வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால், நாள் முழுக்க ஓட்டினாலும் நிற்காது. 'எதுக்கும் இருக்கட்டும்' என்று பிளக் மாற்றுவார்கள். அடுத்த வாரம் மீண்டும் நிற்கும். ஃப்யூல் ஃபில்டர் மாறும். அப்புறம் காயில். அப்புறம் பெட்ரோல் பம்ப். பில் ஏறிக்கொண்டே போகும், கோளாறு மட்டும் அங்கேயே இருக்கும். 15 வருடம் ஓடி, ஆர்.சி-யை 5 வருடத்துக்குப் புதுப்பித்து வைத்திருக்கும் கார் என்றால், 'இனி இதுக்கு செலவு பண்ணணுமா?' என்ற பேச்சும் வீட்டில் எழும். ஆனால், பல நேரங்களில் பிரச்னை காரின் வயது அல்ல. கோளாறு எப்போது, எப்படி வருகிறது என்று யாரும் குறித்து வைக்காததுதான்.

வெறும் தொந்தரவு மட்டுமல்ல!

ஓடும்போது இன்ஜின் நின்றால் இரண்டு விஷயங்கள் உடனே நடக்கும். பவர் ஸ்டீயரிங் உதவி போய், ஸ்டீயரிங் கல்போல கனக்கும். பெட்ரோல் கார்களில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் இன்ஜினிலிருந்துதான் வருகிறது. சேமிப்பில் உள்ளது ஒன்றிரண்டு முறை மிதிக்கத்தான் போதும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடிக்க வேண்டும். வண்டி முழுமையாக நிற்கும்வரை சாவியை வெளியே எடுக்கவே கூடாது. ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும். ஹசார்டு லைட்டைப் போட்டுவிட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் போன்ற கார்களில், சாவி போடும் இக்னீஷன் ஸ்விட்ச்சின் ஸ்பிரிங் பலவீனமாக இருந்தது. சாவிக்கொத்தின் கனத்திலோ, ஒரு குலுங்கலிலோ சாவி தானாகவே 'ரன்' நிலையிலிருந்து நழுவியது. இன்ஜின் நின்றது. கூடவே ஏர்பேக்கும் செயலிழந்தது. ஓடும்போது கார் நிற்பதை, ஆரம்பத்தில் நிறுவனத்தின் பொறியாளர்கள் பாதுகாப்புப் பிரச்னையாகவே பார்க்கவில்லை, வாடிக்கையாளருக்கு ஒரு அசௌகரியம் என்றே நினைத்தார்கள். 2014-ல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதியத்தின் கணக்குப்படி இந்தக் கோளாறோடு தொடர்புடைய மரணங்கள் 124.

அதனால் முதல் வேலை, செலவே இல்லாதது. கார் சாவியோடு வீட்டுச் சாவி, பீரோ சாவி, கனமான கீ செயின் எல்லாம் தொங்கினால் கழற்றிவிடுங்கள். வருடக்கணக்கில் தேய்ந்த ஸ்விட்ச்சுக்கு அந்த எடையே அதிகம்.

சட்டென நின்றதா, திக்கித் திணறி நின்றதா?

பெட்ரோல் இன்ஜின் ஓடக் காற்று, பெட்ரோல், ஸ்பார்க் மூன்றும் வேண்டும். இதில் எது போனது என்பதை, கார் நின்ற விதமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

லைட்டை ஆஃப் செய்ததுபோல சட்டென நின்றால், சந்தேகம் கரன்ட் பக்கம். இக்னீஷன் ஸ்விட்ச், ரிலே, காயில், கிராங்க் சென்சார், பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர் இவற்றில் ஒன்று.

இழுவை குறைந்து, வெட்டி வெட்டி, திணறி நின்றால், சந்தேகம் பெட்ரோல் பக்கம். அடைத்த ஃபில்டர், பலவீனமான பம்ப், டேங்க்கில் சேர்ந்த தண்ணீர் அல்லது தூசு. கார்புரேட்டர் வண்டி என்றால், திணறும்போது சோக்கை லேசாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் தேறினால், பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்.

அடுத்து, எப்போது நிற்கிறது என்பது முக்கியம்.

* 20, 30 நிமிடம் ஓடிச் சூடானபின் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால்: கிராங்க் சென்சார், காயில், இக்னீஷன் மாட்யூல். சூட்டில் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச்சுற்று விட்டுப்போய், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும்.
* மழையிலும் பனிக்காலக் காலையிலும் மட்டும் என்றால்: விரிசல் விட்ட டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பழைய பிளக் ஒயர்.
* பள்ளத்தில் இறங்கும்போதும் ஸ்பீடு பிரேக்கரிலும் என்றால்: தளர்ந்த டெர்மினல், ரிலே, இக்னீஷன் ஸ்விட்ச்.
* சிக்னலில் நிற்கும்போது, குறிப்பாக ஏ.சி ஓடும்போது என்றால்: த்ராட்டிலில் படிந்த கரி, ஐடில் வால்வு.
* பெட்ரோல் குறைவாக இருக்கும்போது, வளைவுகளில் என்றால்: டேங்க்குக்குள் இருக்கும் பம்ப், அதன் ஸ்ட்ரெய்னர்.

அக்னி நட்சத்திர வெயிலில் அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஓட்டியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். இன்ஜின் சூட்டில் பம்ப்பிலேயே பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்குப் போகாமல் அடைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் அன்றைய டிரைவர்கள் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத் துணியைச் சுற்றினார்கள். பெட்ரோல் அழுத்தத்தோடு போகும் எம்.பி.எஃப்.ஐ கார்களில் இந்தப் பிரச்னை மிக அரிது.

நின்ற அந்த 5 நிமிடம்

கோளாறு கண்ணுக்குத் தெரிவது கார் நின்றிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும்தான். மீண்டும் ஸ்டார்ட் ஆகிவிட்டால் தடயம் போய்விடும். எனவே பாதுகாப்பாக ஓரம் கட்டியபின், அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்துகொண்டே இருக்காமல் இவற்றைக் கவனியுங்கள்.

முதலில் டேஷ்போர்டு. சாவியை 'ஆன்' செய்ததும் பேட்டரி, ஆயில் விளக்குகள் எரிகின்றனவா? எதுவுமே எரியவில்லை என்றால், பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், இக்னீஷன் ஸ்விட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, காது. எம்.பி.எஃப்.ஐ கார்களில் சாவியை 'ஆன்' செய்ததும் பின் சீட் பக்கம் இரண்டு, மூன்று விநாடிகள் 'உய்ங்' என்று பம்ப் சத்தம் கேட்கும். நன்றாக இருக்கும் நாளில் ஒருமுறை கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். நின்ற நேரத்தில் அந்தச் சத்தம் இல்லையென்றால், பம்ப், அதன் ரிலே, ஃபியூஸ் மூன்றில் ஒன்று.

மூன்றாவது, பெட்ரோல் டேங்க் மூடி. திறக்கும்போது பலமாகக் காற்றை உள்ளே இழுத்து, அதன்பின் கார் ஸ்டார்ட் ஆனால், டேங்க்கின் காற்று வழி அடைத்திருக்கலாம்.

ஆர்.பி.எம் மீட்டர் இருந்தால், நிற்கும் நொடியிலேயே ஒரு துப்பு கிடைக்கும். கிளட்ச்சை மிதிக்காமல் கார் கியரில் உருளும்போதே முள் பூஜ்யத்துக்கு விழுந்தால், இன்ஜின் சுற்றியும் சிக்னல் வரவில்லை. கிராங்க் சென்சார் அல்லது இக்னீஷன் கரன்ட் மீது சந்தேகப்படலாம். முள் மெல்ல இறங்கினால் பெட்ரோல் பக்கம் போகலாம்.

ஒரு எச்சரிக்கை: பெட்ரோல் பைப்பைக் கழற்றிப் பார்ப்பது, பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பார்ப்பது இரண்டையும் ரோட்டில் நீங்களே செய்ய வேண்டாம். அழுத்தத்தோடு பீறிடும் பெட்ரோலுக்கு ஒரு சிறு பொறி போதும்.

வொர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும்?

செக் இன்ஜின் லைட் எரிந்ததா என்று சொல்லுங்கள். அணைந்திருந்தாலும் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். பழைய கோடு சேமிப்பில் இருக்கலாம். உதாரணமாக, பி0335 என்று வந்தால், கிராங்க் சென்சார் சிக்னலில் கோளாறு. அதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடாதீர்கள். பல கார்களில் கோடு அழிந்துவிடும். கோடு இல்லையென்றால் கோளாறே இல்லை என்றும் அர்த்தமில்லை. தளர்ந்த எர்த் ஒயரையும், தேய்ந்த ஸ்விட்ச்சையும் கம்ப்யூட்டர் நேரடியாகக் காட்டிக்கொடுக்காது. கார்புரேட்டர் வண்டிகளில் ஸ்கேனருக்கே வேலையில்லை.

நல்ல மெக்கானிக் அடுத்து செய்வது, கோளாறை வரவழைப்பது. ஐடிலில் ஓடவிட்டு ஒயர் கட்டுகளையும் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பார். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் ரிலேயை லேசாகத் தட்டுவார். சாவியை 'ஆன்' நிலையில் மெல்ல ஆட்டுவார். சென்சாருக்கு ஹேர் டிரையரால் சூடு காட்டுவார். இருட்டில் பிளக் ஒயர் மீது லேசாகத் தண்ணீர் தெளித்தால், கசியும் கரன்ட் நீலப் பொறியாகத் தெரியும். எதைத் தொட்டபோது இன்ஜின் நின்றதோ, அங்கேதான் கோளாறு.

எந்தப் பார்ட்ஸும் வாங்குவதற்கு முன், பேட்டரி டெர்மினலையும் எர்த் ஒயரையும் கழற்றி, சுரண்டி, இறுக்கச் சொல்லுங்கள். பழைய கார்களில் பச்சை பூத்துக் கிடக்கும் ஒரு எர்த் போல்ட், பல ஆயிரம் ரூபாய் செலவுக்குக் காரணமாக இருந்துவிடும். ஒரே நேரத்தில் நான்கு பார்ட்ஸ் மாற்ற வேண்டாம். எதனால் சரியானது என்பதே தெரியாமல் போகும். மாற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

டேஷ்போர்டு டிராயரில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போட்டு வைப்பது நல்லது. தேதி, நேரம், ஓடிய தூரம், வெயிலா மழையா, வேகம், பெட்ரோல் அளவு, சட்டென நின்றதா திணறியதா, பம்ப் சத்தம் கேட்டதா, எத்தனை நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனது... நின்ற ஒவ்வொரு முறையும் இதை எழுதுங்கள். மூன்று முறை எழுதியபின் அந்தப் பக்கத்தை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். 'அப்பப்போ நிக்குதுங்க' என்று சொல்வதைவிட, எங்கே தேட வேண்டும் என்பது அவருக்குப் பல மடங்கு தெளிவாகும். கோளாறு பிடிபடும்வரை அந்தக் காரில் நெடுஞ்சாலைப் பயணமும், இரவுப் பயணமும் வேண்டவே வேண்டாம்.