ஊறு செய்யாச் சோதனையும் பொருட்கொடையும்

பிறவுயிர்க்கு நோவு செய்யாமல் மருந்து முதலியவற்றை ஆராய்தல் வேண்டுமென்பார் பலர். அவ் விருப்பம் நிறைவேறுதற்குப் பொருள் யாண்டுச் செலவிடப்படல் வேண்டும் என்பதை ஆராய்வார் சிலரே. முயற்கண் சோதனையின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

கண்ணிற்படும் பொருள்கள் தீங்கு செய்யுமோவென அறிதற்கு, அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறையிலிருந்த ஜான் டிரெய்ஸ் என்பாரும் அவர் துணைவரும் 1944-ஆம் ஆண்டில் ஒரு முறையை வெளியிட்டனர். முயலின் ஒரு கண்ணில் அப்பொருளை இட்டு, மற்றைக் கண்ணை ஒப்புநோக்குதற்கு விட்டு, சிவப்பும் வீக்கமும் கருவிழிப்படலத்தின் மங்கலும் நாள்தோறும் பார்த்து எண்ணிடுதல் அம்முறையாம். பார்வை இழந்த முயல்களும் உண்டு.

நியூயார்க்கில் ஆசிரியராயிருந்த ஹென்றி ஸ்பைரா என்பவர், 1980-இல் ரெவ்லான் என்னும் ஒப்பனைப்பொருட் குழுவினரை நோக்கி, சோதனையை விடுக என்று கூறுதலோடு அமைந்திலர். வருவாயில் பதினாயிரத்தில் ஒரு பங்கை மாற்றுமுறை காணும் ஆராய்ச்சிக்கு ஈக என்றும் வேண்டினர். நாளிதழில் முழுப்பக்க அறிவிப்பும் வெளிவந்தது. அவ்வாண்டிறுதியில் அக்குழுவினர் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்திற்கு மூன்றாண்டில் 7,50,000 டாலர் கொடுக்க உடன்பட்டனர். 1981-இல் ஒப்பனைப்பொருள் செய்வோர் சங்கத்தார் ஈந்த 10 இலட்சம் டாலர் கொண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாற்றுமுறை நிலையம் ஒன்று நிறுவப்பட்டது.

ஈண்டு ஓர் ஆசங்கை. பொருள் கிடைத்தபின் முயலை விடுத்தல் எளிதன்றோவெனின், அற்றன்று. என்னை? புதுமுறையைக் காண்டல் ஒன்று. அது நம்பத்தக்கதென நிறுவுதல் பிறிதொன்று. பெயர் மறைத்த ஒரே பொருள்களைப் பல ஆய்வகத்தார் தனித்தனியே சோதித்து ஒத்த முடிபு காட்டினாலன்றி அரசுகள் அதனை ஏலா. அதற்குச் செலவு பெரிது, புகழோ சிறிது. கண்டுபிடிப்பிற்கு உவந்து ஈவாரும் இதற்கு ஈயத் தயங்குவர். 1995-இல் வெளிவந்த ஐரோப்பியப் பேராய்வில் 9 முறைகள் 60 பொருள்களைக் கொண்டு சோதிக்கப்பட்டன; ஒன்றேனும் முயலுக்கு ஈடாகத் தேறவில்லை. இதுகொண்டு பொருள் வீணாயிற்றெனல் பொருந்தாது. உரைகல்லே பழுதுடையதாயிருந்தது. ஒரே பொருள் வெவ்வேறு ஆய்வகத்து முயல்களிடத்துப் பெரிதும் வேறுபட்ட எண்களைத் தருமென்பதை வெய்ல், ஸ்காலா என்னுமிருவர் 1971-இலேயே காட்டியிருந்தனர். தானே நிலைபெறாத அளவையோடு ஒத்திலதென்று புதியதைத் தள்ளுதல் எங்ஙனம் முறையாகும்?

2009-இல், பொருளாதாரக் கூட்டுறவிற்கும் வளர்ச்சிக்குமாகப் பல நாடுகள் கூடிய அமைப்பினர், மாட்டின் கண்ணையும் கோழியின் கண்ணையும் கொண்டு செய்யும் இரு முறைகளை ஏற்றனர். அக்கண்கள் உணவிற்கெனக் கொல்லப்பட்டவற்றினின்று பெறப்படுவன. ஆகலின் உயிரோடிருக்கும் முயலின் நோவு நீங்கினும், கொலையின் தொடர்பு நீங்கிற்றில்லை. 2015-இல் அவர் ஏற்ற முறையோ, மனித உயிரணுக்களை வளர்த்து ஆக்கிய, கருவிழிப்படலத்தை நிகர்த்த மென்படலத்தைக் கொண்டது. முதற்கொடைக்கும் இதற்குமிடையே 35 ஆண்டுகள் கழிந்தன. மூன்றாண்டிற் பயன் கேட்கும் கொடையாளர்க்கு இக்கணக்கு உவப்பாயிராது. அம்முறையும் தீங்கில்லாப் பொருளை இனங்காணுதற்கே முதற்கண் ஏற்கப்பட்டது. கடுந்தீங்கு செய்வன பிற முறைகளால் அறியப்பட, இடைப்பட்ட எரிச்சலுடைய பொருள்களுக்கு முயலின் கண் அதன்பின்னும் நாடப்பட்டது.