ஊட்டியில் வீட்டுக்கு என்ன பேரு?

ஊட்டி டூர் போனவங்கள்ல பாதிப் பேராவது பொட்டானிக்கல் கார்டனுக்கு மேல இருக்கற தோடர் குடிசை முன்னாடி நின்னு போட்டோ எடுத்திருப்பீங்க. ஸ்டேட்டஸ்ல "தோடா மந்து"ன்னும் போட்டிருப்பீங்க. ஆனா மந்துன்னா அந்தக் குடிசை இல்ல.

மந்து என்பது ஊர். தோடர்கள் வாயில அது கிட்டத்தட்ட 'மொத்' மாதிரி ஒலிக்கும். 1935-லிருந்து 1938 வரை நீலகிரியில் தங்கி இந்த மொழியை எழுதிவெச்ச எமனோ, இதுக்குக் குடியிருப்புன்னு மட்டும் பொருள் தரல. எருமைப் பால் கோயிலோட இருக்கற ஊரும் மொத், ஆள் குடியிருக்காத பால் கோயில் வளாகமும் மொத், இறுதிச் சடங்கு நடக்கற இடமும் மொத். சமூகமா கூடிச் செய்யற காரியம் எங்க நடக்குதோ, அந்த இடம்.

தமிழ்ல இதுக்குச் சொந்தக்காரங்க யாருன்னு யோசிங்க. மன்று, மன்றம், மந்தை! எமனோவும் பரோவும் சேர்ந்து போட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் இதெல்லாம் ஒரே பதிவுல இருக்கு. மாடு நிக்கற இடமும் ஊர் கூடற இடமும் ஒண்ணா இருந்த காலத்துச் சொல். நம்ம காலேஜ் தமிழ் மன்றமும் மந்தைவெளி பஸ் ஸ்டாப்பும் உதகமண்டலமும் அந்த வகையில் பங்காளிங்கதான். (ஒதகமந்துல இருந்த மந்துதான் பின்னாடி மண்டலம் ஆச்சு.)

வெளிநாட்டுலயும் இதே குழப்பம் உண்டு. 'யுர்ட்'னா மத்திய ஆசியாவோட வட்டக் கூடாரம்னு படிச்சிருப்போம். துருக்கிய மொழிகள்ல அந்தச் சொல் கூடாரம் நிக்கற இடத்தை, தாய்நாட்டைக் குறிக்கும். கூடாரத்துக்கு கசாக் மொழியில் 'கியிஸ் உய்', அதாவது கம்பளி வீடு. துருக்கியில் இன்னைக்கு ஸ்டூடண்ட்ஸ் ஹாஸ்டலுக்கே 'யுர்ட்'னுதான் பேரு!

சரி, தோடர் வீட்டுக்கு வருவோம். பாதியா அறுத்துக் கவுத்த பீப்பாய் மாதிரி இருக்கும். மூங்கிலை வளைச்சு, பிரம்பால கட்டி, மேல புல் வேய்வாங்க. வாசல் சுமார் 3 அடிதான். தவழ்ந்துதான் உள்ள போகணும். சுத்தி கல் சுவர். பால் கோயிலும் வெளியில பாத்தா அதே பீப்பாய் வடிவம்தான். ஆனா பேரு வேற: 'பொள்ய்'. பூசாரியா இருக்கற பால்காரர் மட்டும்தான் உள்ள போகலாம், பெண்களுக்கு அனுமதி இல்ல. இந்தச் சொல்லுக்குத் தமிழ்ல இணை, பள்ளி. திருச்சிராப்பள்ளியில இருக்கற அதே பள்ளி. தமிழோட 'அ' தோடாவுல பல இடத்துல 'ஒ' ஆயிடும்னு தெரிஞ்சா புதிர் அவிழ்ந்துடும்.

பக்கத்து மலைச்சரிவுல இருக்கறவங்களுக்கு வேற சொற்கள். கோத்தர்களுக்கு மொத்தம் 7 ஊர். அங்க வரிசையா ஒட்டிக் கட்டின வீடுகளுக்கு 'கேர்'. அம்பத்தூர், ஆவடி பக்கம் நாம சொல்ற லைன் வீடு ஞாபகம் வருதா? கன்னடத்துல அது கேரி, தமிழ்ல க சகரமாகி சேரி. வேளச்சேரியில இருக்கறது அதுதான். படுகர் ஊருக்கு 'ஹட்டி'. பால் ஹாலு ஆன மாதிரி பட்டி ஹட்டி ஆச்சு. பட்டியும் முதல்ல மாட்டுத் தொழுவம்தான்னு சொன்னா உசிலம்பட்டிக்காரங்க கோச்சுக்கக் கூடாது.

தோடர்கள் சுமார் 2,000 பேர்தான். தோடா மொழியையும் கோத்த மொழியையும் யுனெஸ்கோ மிகக் கடுமையான அழிவு அபாயத்துல இருக்கற பட்டியல்ல வெச்சிருக்கு. பசங்க ஸ்கூல்ல தமிழ், இங்கிலீஷ் படிக்கறாங்க, அது ஒரு காரணம். எனக்கு அதைவிட முக்கியமாத் தோணுறது புல். கூரைக்கான புல் சதுப்பு நிலத்துலயும் சோலைப் புல்வெளியிலயும் வளரும். அந்த நிலத்துல சீகை மரமும் யூகலிப்டஸும் தேயிலையும் வந்து உக்காந்துடுச்சு. புல் இல்லன்னா கூரை இல்ல, வேயறவருக்கு வேலை இல்ல, வளைவுக்கும் முடிச்சுக்கும் இருந்த சொற்களைச் சொல்லவும் ஆள் இல்ல. இப்போ பெரும்பாலான குடும்பங்கள் கான்கிரீட் வீட்லதான் இருக்காங்க. மழையும் குளிரும் அடிக்கற மலையில அதை யாரு குறை சொல்ல முடியும்?

கோயில் கதை மட்டும் வேற. ஊட்டி பக்கத்துல முத்தநாடு மந்துல கூம்பு வடிவத்துல உயரமா ஒரு கோயில் நிக்குது. அதோட கூரையைப் புதுப்பிக்கணும்னா இன்னைக்கும் ஷீட் போட மாட்டாங்க. ஆம்பளைங்க சேர்ந்து சதுப்புக்குப் போய் அதே புல்லைத் தேடித்தான் கொண்டு வரணும்.