மெய்ம்மீனும் பொய்ம்மீனும்

சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலைமீது, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது ஏற்காடு. காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரில், மூடுபனி இறங்கும் இரவுகளில் தெருவிளக்கைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் தோன்றும். விளக்கு மெய், வட்டமோ பனித்துளிகள் படைத்த தோற்றம். பனி விலகியதும் வட்டம் மறையும், விளக்கு மறையாது. மலைவிளிம்பில் நின்று கீழே நோக்கினால், சேலம் நகரத்து விளக்குகள் மண்ணில் உதிர்ந்த விண்மீன்களைப் போல மின்னும். கண்ணை மயக்கும் இத்தகைய தோற்றங்கள், வானநூலார் எடுக்கும் நிழற்படங்களிலும் உண்டு. அவற்றுள் மெய்யையும் பொய்யையும் பிரித்தறிதல் அவர்தம் தலையாய கடமைகளுள் ஒன்றாகும்.

வானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறையாகப் படமெடுப்பதை வான அளவாய்வு என்பர். அமெரிக்க நாட்டுப் பலோமார் மலையில் 1949ஆம் ஆண்டில் தொடங்கிய அளவாய்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கே ஒவ்வொரு பகுதியும் நீலஒளியில் ஒருமுறையும் செவ்வொளியில் ஒருமுறையுமாக இரு கண்ணாடித் தகடுகளில் பதிவுசெய்யப்பட்டது. விண்மீன்களின் நிறத்தை அறியச் செய்த இம்முறை, பிழையை அறியவும் உதவியது. ஒரு தகட்டில் உள்ள கீறல் மற்றொரு தகட்டில் அதே இடத்தில் அமைதல் அரிதன்றோ?

பொய்த் தோற்றங்கள் பலவகைப்படும். ஒளிமிக்க விண்மீனிலிருந்து சிலுவை போல நாற்புறமும் கோடுகள் நீண்டிருக்கும். தொலைநோக்கியின் குழலுள் ஆடியைத் தாங்கும் மெல்லிய கால்களின் ஓரத்தில் ஒளி வளைவதால் இவை உண்டாகின்றன. ஒரு படத்தில் உள்ள ஒளிமிக்க மீன்கள் அனைத்திற்கும் இக்கோடுகள் ஒரே திசையில் அமைந்திருத்தலே இவற்றின் அடையாளம். தகட்டின் பின்புறக் கண்ணாடியில் பட்டு மீளும் ஒளி, மீனைச் சுற்றி வளையமாகப் பதியும். வில்லைகளுக்கிடையே எதிரொளித்த ஒளி, வேறோரிடத்தில் மங்கிய வட்டமாகத் தோன்றி, புதியதொரு விண்முகில் என மயக்கும். தூசியும் கீறலும் பூச்சின் குறையும் தம் பங்கிற்குப் புள்ளிகளை உண்டாக்கும்.

தகட்டிற்கு மாற்றாக மின்னணு உணரிகள் வந்த பின்னரும் இத்தொல்லை தீரவில்லை. விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர் உணரியில் மோதினால் கூரிய புள்ளியொன்று பதியும். அடுத்த படத்தில் அது இராது. உணரியின் பழுதுபட்ட நுண்கட்டமோ எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் ஒளிரும். தொலைநோக்கியைச் சிறிது திருப்பி மீண்டும் படமெடுத்தால், மெய்ம்மீன்கள் யாவும் ஒருங்கே இடம்பெயரும். பழுதுப் புள்ளி நின்ற இடத்திலேயே நிற்கும். எதிரொளித் தோற்றமோ மீன்களோடு ஒத்துச் செல்லாது வேறுவகையில் நகரும். செயற்கைக்கோள்கள் நீண்ட கோடுகளை இழுத்துச் செல்லும்.

ஆயினும் கோடெல்லாம் பொய்யல்ல. ஏற்காட்டிற்கு வடகிழக்கே, சவ்வாது மலையில் உள்ள காவலூர் வான்ஆய்வகத்தில், 1988ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் இராஜமோகன் என்னும் அறிஞர் சிறுகோள் ஒன்றைக் கண்டறிந்தார். கணிதமேதை இராமானுசன் பெயரை அது இன்று தாங்கி நிற்கிறது. விண்மீன்களைப் பின்தொடர்ந்து நெடுநேரம் எடுக்கும் படத்தில் மீன்கள் புள்ளிகளாகப் பதிய, நகரும் சிறுகோள் குறுங்கோடாகப் பதியும். கீறலும் அவ்வாறே தோன்றக்கூடும். அடுத்தடுத்த படங்களில் அக்கோடு விதிப்படி இடம்பெயர்ந்து காணப்படின், அது கோள் என்று துணியலாம்.

பொய்யை மெய்யெனக் கொள்ளுதல் பிழை. மெய்யைக் காணாது விடுதலும் பிழையே. அமெரிக்க அறிஞர் லோவெல், நெப்டியூனுக்கு அப்பால் ஒரு கோள் உண்டெனக் கருதித் தேடினார். 1915ஆம் ஆண்டில் அவரது ஆய்வகத்தில் எடுத்த தகடுகளில் புளூட்டோ மங்கலாகப் பதிந்திருந்தது. அதனை ஒருவரும் அறிந்திலர். தாம் தேடிய வானில் தம் தகடுகள் கண்டதை அறியாமலே அவர் 1916இல் மறைந்தார். உழவர் குடியில் பிறந்த டாம்பா என்னும் இளைஞர், 1930ஆம் ஆண்டு சனவரி 23, 29 ஆகிய நாள்களில் எடுத்த இரு தகடுகளை மாறிமாறி நோக்கி, இடம்பெயர்ந்த ஒரு புள்ளியைப் பிப்ரவரி 18இல் கண்டார். கண்டவுடன் களிப்பில் மூழ்கினாரல்லர். சனவரி 21இல் எடுத்த மூன்றாம் தகட்டையும் நோக்கினார். உரிய இடத்தில் அப்புள்ளி அங்கும் இருந்தது. அதன் பின்னரும் பல நாள் சரிபார்த்தே மார்ச்சுத் திங்களில் உலகிற்கு அறிவித்தனர். 2006 முதல் புளூட்டோவைக் குறுங்கோள் என வகுத்துள்ளனர். எனினும் அதனைக் கண்ட முறையின் பெருமை குன்றவில்லை.

ஒருமுறை கண்டது ஐயத்திற்குரியது. பலமுறை, பலவழியில் ஆராய்ந்தும் நிலைத்து நிற்பதே உண்மை. பனி விலகும்வரை பொறுத்திருந்து விளக்கைக் காணும் மலையூரார் போல, அவசரமின்றி ஆராய்பவருக்கே வானம் தன் மறைபொருளைக் காட்டும்.