‘என்னால முடியல’ன்னு சொல்ல ஒரு வழி



எனக்கு வேலை போனப்போ, அன்னைக்கே ஆபீஸ் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாப் போச்சு. வீட்டில் மிச்சம் இருந்தது காலேஜ் காலத்து லேப்டாப், 4 ஜிபி ரேம். விண்டோஸ் திறக்கிறதுக்குள்ள காபி ஆறிடும். அதில் டெபியன் லினக்ஸ் போட்டேன். மெஷின் பிழைச்சுது, இன்டர்வியூவுக்குப் படிக்க ஆரம்பிச்சேன். ஆனா வேலை போனதை ரெண்டு மாசம் யார்கிட்டயும் சொல்லல.

டெபியனை 1993-ல் தொடங்கியவர் இயன் மர்டாக். இதை நடத்துறது ஒரு கம்பெனி இல்லை, உலகம் முழுக்க இருக்கிற தன்னார்வலர்கள். நாம இன்ஸ்டால் பண்ற ஒவ்வொரு பேக்கேஜையும் ஒரு ஆளோ ஒரு டீமோ பொறுப்பெடுத்துப் பார்த்துக்கிறாங்க. அவங்களுக்குப் பேர் மெயின்டெய்னர்.

அவங்களுக்கும் உடம்பு முடியாம போகும், வேலை போகும். அதுக்காகவே டெபியனில் மூணு அறிவிப்பு இருக்கு. ‘ஆர்எஃப்எச்’ போட்டா, “நான்தான் பார்த்துக்கிறேன், கொஞ்சம் கை கொடுங்க”ன்னு அர்த்தம். ‘ஆர்எஃப்ஏ’ன்னா, “வேற யாராவது எடுத்துக்கோங்க, அதுவரைக்கும் நான் பார்த்துக்கிறேன்.” மூணாவது ‘ஆர்ஃபன்’: “இனிமே என்னால முடியாது.” அப்படி விடப்பட்ட பேக்கேஜை இன்னொருத்தர் எடுத்துக்கிட்டா, அதுக்கு அங்கே ‘தத்தெடுக்கிறது’ன்னே பேர்.

2000 ஆகஸ்டில் வந்த டெபியன் 2.2, ஜோயல் க்ளெக்கர் என்ற டெவலப்பருக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி, ஜூலை 11-ல், டுஷேன் தசைச்சிதைவு நோயால் அவர் இறந்துட்டார். வயசு 21. படுத்த படுக்கையா இருந்துக்கிட்டேதான் இவ்வளவும் பண்றார்னு கூட வேலை செஞ்ச பெரும்பாலானவங்களுக்குத் தெரியாது.

அவர் சொல்லாம இருந்தது அவரோட விருப்பம்னு எடுத்துக்கலாம். நான் சொல்லாம இருந்தது வெறும் வெட்கம். அதனால காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் என்னோட ‘ஆர்எஃப்எச்’சைப் போட்டேன்: “வேலை போயிடுச்சு மச்சி, எங்கயாவது ஓப்பனிங் இருந்தா சொல்லுங்க.” அன்னைக்கு ராத்திரியே மூணு பேர் கூப்பிட்டாங்க. அதில் ஒருத்தன், “டேய், எனக்கும் நாலு மாசமா வேலை இல்லடா”ன்னான். அடுத்த நாளில் இருந்து ரெண்டு பேரும் சேர்ந்தே படிச்சோம்.

டெபியன் யூஸ் பண்றவங்க ‘ஹவ் கேன் ஐ ஹெல்ப்’ங்கிற பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க. உங்க மெஷினில் இருக்கிறதில் எதுக்கெல்லாம் உதவி தேவைன்னு அது லிஸ்ட் போடும். ஃபிரண்ட்ஸுக்கு அப்படி ஒரு பேக்கேஜ் கிடையாது. நாமதான் போன் பண்ணிக் கேட்கணும்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.