வலி தெரியாமல் கண் விழிக்கட்டும்

ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. வீறிட்டு அழும், காலை உதைக்கும். பசியாக இருக்கும் என்பார் பாட்டி. மருத்துவ உலகமும் நெடுங்காலம் பாட்டி கட்சிதான். பச்சிளம் சிசுக்களுக்கு நரம்பு முதிரவில்லை, வலி உறைக்காது என்றே பலரும் நம்பினார்கள். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்போர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த் 1987இல் வெளியிட்ட ஆய்வு அதை உடைத்தது. ஆபரேஷனின்போது போதிய வலி மருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்குப் பின்விளைவுகள் குறைந்திருந்தன.

இன்று வயிற்றின் கீழ்ப்பகுதி ஆபரேஷன்களுக்குப் பிள்ளைகளிடம் அதிகம் பயன்படுவது 'காடல் பிளாக்'. குழந்தையை முழு மயக்கத்தில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வால் எலும்புக்குச் சற்று மேலே விரலால் தடவினால் ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். அதன் வழியாக, தண்டுவடத்தைச் சூழ்ந்த உறைக்கு வெளியே, புபிவகெய்ன் மருந்தைச் செலுத்துகிறார்கள். நரம்புக்குள் சோடியம் நுழையும் வாசலை மருந்து அடைத்துவிடுவதால் வலிச் செய்தி மூளைக்கு ஏறாது. நான்கு முதல் ஆறு மணி நேரம் பலன் நிற்கும். கால் கொஞ்ச நேரம் துவளலாம், பயப்பட வேண்டியதில்லை. அளவில்தான் கண்டிப்பு வேண்டும்: எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மருந்து ரத்தத்தில் மிகுந்தால் வலிப்பு வரும், இதயமும் நிற்கும். அதற்கு முறிவாக ரத்தக்குழாயில் ஏற்றும் கொழுப்புக் கரைசலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பார்கள்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இந்த முறைக்குக் கூடுதல் மதிப்பு உண்டு என்பேன். கார் நிக்கோபார் பிள்ளைக்குப் பெரிய சிகிச்சை என்றால் கடல் கடந்து போர்ட் பிளேயர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் வரவேண்டும். (ஊருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், வாயில் இன்னும் பழையதுதான் வருகிறது.) அதற்கும் மேலே போக, சென்னை சுமார் 1,360 கிலோமீட்டர். வலிக்குத் தரும் மார்பின் வகை மருந்துகள் மூச்சை மந்தமாக்கக்கூடும். கொடுத்தால் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆள் வேண்டும். காடல் ஊசி அந்த மருந்துகளின் தேவையைக் குறைக்கிறது. பெரிய இயந்திரமும் கேட்பதில்லை. கை பழகிய மயக்க மருத்துவர் இருந்தால் போதும்.

முதுகுத்தண்டில் பிறவிக் கோளாறோ ரத்தம் உறையாத நோயோ பிள்ளைக்கு இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வார்டுக்கு வந்ததும் அடுத்த பாராசிட்டமால் எப்போது என்று கேளுங்கள். ஊசியின் பலன் தீரும்வரை காத்திருக்காமல், அதற்கு முன்பே கொடுக்க வேண்டிய மருந்து அது.