கார் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

தில்லியில் நம்மவர் வீடுகளில் கார் வாங்கும் பேச்சு எழுந்தால் முதலில் நிறம், பிறகு மைலேஜ், அதன் பிறகு மாதத் தவணை என்றுதான் போகிறது. யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வேறு: இந்த ஊரில் இன்னும் எத்தனை வருஷம் இருப்பதாக உத்தேசம்? உத்தியோகத்துக்காக வந்து தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு இதற்குப் பதில் தெரியாமல் கார் வாங்குவது வீண் செலவில் கொண்டுபோய் விடும்.

காரணம் சொல்கிறேன். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி அங்கே புதுப் பதிவெண் வாங்கியாக வேண்டும். அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ('அதாரிட்டி' என்றால்தான் இங்கே ஆட்டோக்காரருக்குப் புரியும்) தடையில்லாச் சான்றிதழ் பெற வேண்டும். கார்க் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவை. கடன் முடிந்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயரை நீக்காமல் வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். புறப்படும் வாரத்தில்தான் அது நினைவுக்கு வரும்!

சென்னைக்கோ மதுரைக்கோ போய்ச் சேர்ந்ததும் தமிழ்நாட்டின் ஆயுள் வரி காத்திருக்கிறது. அதன் விகிதம் தில்லியைவிட அதிகம். வண்டியின் வயதைப் பொறுத்துக் குறையும் என்பது ஓர் ஆறுதல். இங்கே முன்கூட்டிக் கட்டிய வரியில் மிச்ச காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அங்கே மறுபதிவு முடிந்த பிறகுதான். ஆக, முதலில் கையிலிருந்து கட்ட வேண்டும், பிறகு காத்திருக்க வேண்டும். லாரி வாடகை, வீட்டு அட்வான்ஸ், பள்ளிக் கட்டணம் எல்லாம் வரிசையாக நிற்கும் மாதத்தில் இது சின்னத் தொகையாகத் தோன்றாது.

அதனால் இரண்டு மூன்று வருஷத்தில் ஓய்வு பெற்று ஊர் திரும்பப் போகிறவர் இங்கே புதுக் கார் வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. அதுவரை ஒரு நல்ல பழைய பெட்ரோல் கார் போதும். புறப்படும்போது அதை இங்கேயே விற்றுவிட்டு, புதியதை ஊரில் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னும் பல வருஷம் சர்வீஸ் உள்ளவர், ஆனால் அடிக்கடி மாற்றலாகிறவர் என்றால் 2021இல் வந்த பி.எச். வரிசைப் பதிவெண்ணைப் பற்றி விசாரியுங்கள். மத்திய, மாநில அரசு, பொதுத்துறை ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஆயுள் வரிக்குப் பதில் இரண்டிரண்டு வருஷமாக வரி கட்டினால் போதும். மாநிலம் மாறினாலும் பதிவெண் மாறாது. தவணை தேதியை மட்டும் மறக்கக் கூடாது.

பழைய கார் தேடுகிறவர்களுக்குத் தில்லியில் தனியாக ஒரு கணக்கு உண்டு. தலைநகர் வட்டாரத்தில் 10 வருஷம் கடந்த டீசல் வண்டியும், 15 வருஷம் கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடக்கூடாது என்ற தடையை 2018இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. 2025இல் அதே நீதிமன்றம் சில சலுகைகள் காட்டியது உண்மை. ஆனால் சலுகையை நம்பி முதல் போடலாமா? ஏழு வயதான பெரிய டீசல் கார் கரோல் பாக்கில் ஆச்சரியமான மலிவு விலைக்குக் கிடைக்கிறது என்றால், மிச்சமுள்ள மூன்று வருஷத்துக்கான விலை அது.

காரைக் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படலாம். தரைவிரிப்பைத் தூக்கி, இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியை அது காட்டிக் கொடுத்துவிடும். விற்பவரின் மெக்கானிக் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தவரை அழைத்துப் போங்கள். சேசிஸ் எண், கடன் பாக்கி, கட்டாத சலான்கள் ஆகியவற்றை அரசின் பரிவாஹன் தளத்தில் சரிபார்த்த பிறகே முன்பணம்.

பெயர் மாற்றத்தை மட்டும் யாருடைய வாக்கையும் நம்பி விட்டுவிடாதீர்கள். கோயம்புத்தூருக்குக் குடிபோன என் நண்பர் ஒருவருக்கு, அவர் எப்போதோ விற்றுவிட்ட காருக்கான சலான்கள் மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. சலானோடு போயிற்றே என்று நிம்மதி கொள்ள வேண்டும். விற்ற வண்டி விபத்தில் சிக்கினாலும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே விற்பவர் 29, 30ஆம் படிவங்களை 14 நாளுக்குள் அலுவலகத்தில் சேர்த்து, ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். வாங்குபவர் இன்ஷூரன்ஸையும் அதே 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பழைய காரை விற்றுப் புதியது வாங்குகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. கிளெய்ம் கேட்காமல் ஓட்டிய வருஷங்களுக்காகக் கிடைக்கும் 'நோ கிளெய்ம் போனஸ்' வண்டியைச் சேர்ந்ததல்ல, உங்களைச் சேர்ந்தது. ஐந்து வருஷம் சுத்தமாக ஓட்டியிருந்தால், சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவிகிதம் வரை தள்ளுபடி கிடைக்கும். விற்கும்போதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதற்கான கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு, மலை மந்திரில் எலுமிச்சம்பழம் நசுக்கப் போகுமுன் புதுக் காரின் பாலிசியில் கழித்துக்கொள்ளுங்கள்.